துருத்து ஏழு

ஆறு மணி நேரம் நாற்பது நிமிடம் திரையைப் பார்த்துவிட்டுச் சின்னவள் எழுந்தாள். நடுவில் எழுந்தது இரண்டே தடவை. முன்னால் இருந்த படிவத்தில் அரை மணிக்கு ஒரு வரிசை, வரிசைக்கு நான்கு கட்டங்கள்: தலைவலி, கண் எரிச்சல், குமட்டல், இரட்டையாகத் தெரிதல். பூஜ்யம் முதல் ஐந்து வரை போட வேண்டும். பதின்மூன்று வரிசைகளிலும் சேர்த்து அவள் போட்டிருந்தது ஐம்பத்திரண்டு பூஜ்யங்கள்.

மாமா படிவத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் அக்காவின் கணவர். பட்டறை அவருடையது.

“இரும்புக் கண்ணு!” என்றார். “ஏழுல வெச்சு இவ்வளவு நேரம். ஒரு புள்ளி கூட ஏறல. பாத்தீங்களாண்ணே?”

மேசைமேல் குனிந்து திரைக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்த ஒட்டுக்காரர் நிமிரவில்லை. “பாப்பாவுக்குக் கண்ணுக்குப் பதிலா ரெண்டு கோலிக்குண்டு வெச்சு அனுப்பியிருக்காங்க முதலாளி. நான் அஞ்சு நிமிஷம் பாத்தா உலகமே ரெண்டா தெரியுது.”

“உங்களுக்குச் சாயங்காலம் ஆனாலே உலகம் ரெண்டாதானே தெரியும்.”

“அது நானா தேடிக்கிறது. இது நீங்க கொடுக்கிறது.”

மாமா சிரித்தார். சின்னவளும் சிரித்தாள். அவளுக்குப் பேச்சு குறைவு. நாலு பேர் சிரித்தால் கூடவே சிரித்துவிடுவாள், அதோடு சரி. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் எதிரே உட்கார்ந்தவர் கேள்வியை முடிப்பதற்குள் இவளுக்கு வார்த்தை வராமல் போகும். இங்கே பேச வேண்டாம். உட்கார்ந்து பார்த்தால் போதும். பதினாலு மாதமாக அவள் வேலை அதுதான்.

பட்டறையில் செய்வது முப்பரிமாணத் திரை. கண்ணாடி மாட்டிக்கொள்ளாமல் வெறும் கண்ணாலேயே பார்ப்பது. சாதாரணத் திரையின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டுவார்கள். தாள் முழுக்க மயிரிழை அகலத்தில் வரிவரியாக மேடு. அந்த மேடுகள் ஒரு படத்தை இடது கண்ணுக்கும் இன்னொன்றை வலது கண்ணுக்கும் பிரித்து அனுப்பும். இரண்டும் மண்டைக்குள் போய்ச் சேரும்போது படம் திரையின் கண்ணாடியைவிட்டு எழுந்து வெளியே வரும். தாள் ஒரு இழை கோணினால் அவ்வளவும் பாழ். ஒட்டுக்காரர் நீர் தெளித்து, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி ஒட்டுவார். அந்த நேரத்தில் யாராவது தும்மினால்கூட வெளியே போய்த் தும்ம வேண்டும். ஒட்டி முடித்த திரையை விரலால் தொடுவது பட்டறையில் கொலைக்குச் சமம். ரேகை மேடுகளுக்குள் இறங்கிவிட்டால் துடைத்தும் போகாது. “தொட்ட கைய வெட்டிருவேன்” என்று மாமா தாளில் எழுதி ஒட்டியிருந்தார்.

நிற்கிற இடமும் முக்கியம். தரையில் மஞ்சள் நாடாவால் மூன்று இடம் குறித்திருக்கும். அங்கே நின்றால்தான் படம் நிற்கும். நாலு விரற்கடை நகர்ந்தால் இடது கண்ணின் படம் வலது கண்ணுக்குப் போய்விடும். அதற்குப் பட்டறையில் பெயர் தாவல். படம் எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்பதற்குப் பெயர் துருத்து. துருத்து ஒன்றில் பொருள் கண்ணாடிக்குள்ளேயே கிடக்கும். மூன்றில் ஒரு சாண் வெளியே வரும். ஏழில் மூக்கருகே வந்து நிற்கும்.

முதலில் துருத்து மூன்றில்தான் இருந்தது. சின்னவள் பூஜ்யம் போட்டாள். மாமா நாலுக்கு ஏற்றினார். அதற்கும் பூஜ்யம். “தாங்குறா. ஏத்து” என்று மாமா சொல்லுவார். அப்படியே ஏறி ஏறி ஏழுக்கு வந்து நின்றது. வாங்குகிறவர்களுக்கும் ஏழைப் பார்த்தால்தான் வாய் பிளக்கிறது.

“நாளன்னைக்கு டாக்டரம்மா வர்றாங்க,” என்றார் மாமா, படிவத்தைக் கோப்பில் கோத்தபடி. “அறுவை சிகிச்சை கத்துக்கிற பசங்களுக்கு. வயித்துல சின்ன ஓட்டை போட்டு, உள்ள கேமரா விட்டு, திரையப் பாத்துக்கிட்டே தைக்கிறாங்களே, அந்தப் பயிற்சி. பன்னெண்டு திரை. நாள் முழுக்க அதே முன்னாடி நிக்கப்போற பசங்க. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. கண்ணு நோகக் கூடாது. நான் சொல்லிட்டேன், எங்கிட்ட ஒரு ஆள் இருக்கான்னு.”

வெளியே மூன்றாவது நாளாக மழை. ஈரக் காற்றில் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டுக்காரர் வாசலைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பட்டறைக்கு மேலேயே வீடு. பன்னிரண்டு படி. சின்னவள் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு, எண்ணிக்கொண்டுதான் ஏறுவாள், இறங்குவாள். வீட்டில் அது அவளுடைய நிதானம் என்று பெயர் வாங்கியிருந்தது.

அக்கா திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஈரத்துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். மணி நாலுகூட ஆகவில்லை.

“வந்துட்டியாடி? எவ்வளவு?”

“ஆறு நாப்பது.”

“வலி?”

“இல்லக்கா.”

“கொடுத்து வெச்சவ.” துண்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். “எனக்கு இன்னைக்குப் புருவத்துக்கு நடுவுல யாரோ ஆணி வெச்சு, அடிக்காம, சும்மா அமுக்கிக்கிட்டே இருக்காப்பல இருக்கு. அடிச்சாலாவது தேவலை.”

ஒன்பது மாதமாக இப்படி. ஒட்டி முடித்த திரையில் படத்தையும் மேடுகளையும் பொருத்துவது அக்காவின் வேலை. தினம் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இழை இழையாக நகர்த்த வேண்டும். முதலில் மூக்குக்கண்ணாடியை மாற்றினார்கள். பிறகு இன்னொரு தடவை மாற்றினார்கள். மாத்திரை. வேறு மாத்திரை. போன மாதம் தலைக்கு ஸ்கேன்.

“கண்ணு டாக்டர் மண்டையப் பாருங்கறார்,” என்றாள் அக்கா. “மண்டை டாக்டர் மனசப் பாருங்கறார். மனசு டாக்டர்கிட்ட போனா அவர் என்னத்தப் பாக்கச் சொல்லுவாரோ. ஜாதகத்தப் பாக்கச் சொன்னாலும் சொல்லுவார்.”

“ஸ்கேன்லதான் ஒண்ணும் இல்லேன்னுட்டாங்களேக்கா.”

“அதான் பயமே. ஒண்ணும் இல்லேன்னதும் உங்க மாமா ஆரஞ்சு ஒரு பை நிறைய வாங்கிட்டு வந்து எல்லாருக்கும் உரிச்சு உரிச்சுக் கொடுத்தார். எனக்கு ஒரு சுளைகூட இறங்கல. ஏதாவது இருந்திருந்தா இதுதான்னு ஒரு பேராவது இருந்திருக்கும். இப்ப இது பேரில்லாத வலி. ராத்திரி இவர் தூங்கினப்புறம் நினைச்சுக்கிறேன், ஒருநாள் இப்படியே பார்வை போயிடுமோன்னு. அவர்கிட்ட சொல்லல. நீயும் சொல்லாத.”

சின்னவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கேட்கவா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டாள்.

“வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய் நாலு நாள் தங்கினப்ப வலிச்சுதா?”

“இல்ல. அங்க காத்து நல்ல காத்து.”

“திரையால இருக்குமோக்கா?”

அக்கா துண்டை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தாள். கண் ஓரங்கள் சிவந்திருந்தன.

“அதையும் யோசிக்காமலா இருப்பேன்? திரையால வர்ற வலின்னா மொதல்ல உனக்குல்ல வரணும்? நான் மூணு மணி நேரம். நீ ஆறு, ஏழு. உனக்கு ஒரு சின்ன எரிச்சல் கூடக் கிடையாது. அப்ப கோளாறு திரையில இல்ல, எங்கிட்டதான். ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தோம், கண்ணு மட்டும் உனக்குத்தான் இரும்பு.”

சின்னவள் எழுந்து டீ போடப் போனாள்.

அடுப்பு மேடையில் கடைக்கு வாங்க வேண்டியவை எழுதிய தாள் கிடந்தது. ரொட்டி, முட்டை, சோப்பு, பல்ப். தாளைத் திருப்பினாள். பின்பக்கம் அதே படிவம். மேலே அக்காவின் கையெழுத்தில் தேதி. தலைவலிக் கட்டங்களில் மூன்று, மூன்று, நாலு, நாலு, ஐந்து. குமட்டலுக்கு நேரே இரண்டு. இரட்டையாகத் தெரிதலுக்கு நேரே மூன்று. ஆணியில் குத்தியிருந்த பழைய கடைச்சீட்டுகளையும் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் படிவங்கள்.

“அக்கா, இதெல்லாம் கோப்புல இல்லியே?”

“எதுக்கு?” அறையிலிருந்து குரல் வந்தது. “என் கண்ணுதான் கெட்டுப் போச்சே. கெட்ட தராசுல நிறுத்துட்டு சாமான் மேல பழி போட முடியுமா? நானேதான் எடுத்துட்டேன். வர்றவங்க பாத்தா திரையத்தான் குறை சொல்லுவாங்க.”

பால் பொங்கியது. சின்னவள் பாத்திரத்தின் மூக்கைத் தம்ளரின் விளிம்பில் தொட்டு, தொட்டபடியே ஊற்றினாள். எப்போதும் அப்படித்தான். தொடாமல் ஊற்றினால் தம்ளருக்கு முன்னால் விழும், அல்லது பின்னால் விழும். ஒரு சொட்டுச் சிந்தாத பெண் என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுவாள்.

சின்னவளுக்குக் காரணம் தெரியும். சின்ன வயதில் அவளுக்கு ஒரு கண் மூக்குப் பக்கம் திரும்பியிருந்தது. பள்ளியில் பிள்ளைகள் எதிரே வந்து நின்று, “யாரப் பாக்கறே, என்னையா அவளையா?” என்பார்கள். அப்படிக் கேட்ட ஒருத்தியின் பின்னலைப் பிடித்து அக்கா சுவரில் முட்டியிருக்கிறாள். அக்காதான் வீட்டில் அழுது அடம்பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வைத்தாள். ஒன்பது வயதில் அறுவை சிகிச்சை. கட்டுப் பிரித்த அன்று அக்கா அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, நர்சிடம், “நேரா ஆயிடுச்சு! நேரா ஆயிடுச்சு!” என்று கத்தினாள்.

கண் நேராகத்தான் ஆனது. ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்ப்பதற்கு மூளை பழக வேண்டிய காலம் அதற்குள் தாண்டிப் போயிருந்தது. ஒரு கண் பார்க்கும்போது மற்றது சும்மா இருக்கும். உலகம் அவளுக்குத் தட்டையாகத் தெரிந்தது. அவளுக்கு அது தட்டை என்றுகூடத் தெரியாது. எல்லோருக்கும் அப்படித்தான் என்று இருந்தாள்.

தெரிந்தது பட்டறைக்கு வந்த முதல் நாள். மாமா திரையைப் போட்டு, முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றைக் காட்டினார். அக்கா, “அய்யோ, மூஞ்சிக்கு வருது!” என்று கையை நீட்டினாள். ஒட்டுக்காரரும் நீட்டினார். வெறும் காற்றில் விரல்கள் எதையோ பிடிக்கப் போயின. சின்னவளுக்குக் கயிறு கண்ணாடியில் கிடந்தது, ஓரத்தில் லேசாக மினுமினுத்துக்கொண்டு. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளும் கையை நீட்டினாள். அக்காவின் விரல் நின்ற இடத்தைப் பார்த்துவைத்து, கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால், அங்கேயே நிறுத்தினாள். “ஆமா, வருது,” என்றாள்.

அவ்வளவுதான் அவள் செய்தது. தாளோடு வந்த கையேட்டில் நூற்றில் சிலருக்கு இது தெரியாது என்று ஒரு பத்தி இருந்ததைப் பிறகு படித்தாள். படித்த அன்றே சொல்லியிருக்கலாம். அக்கா சுவரில் முட்டிய அந்தப் பின்னல் ஞாபகம் வந்தது. “நேரா ஆயிடுச்சு” என்று கத்திய முகம் ஞாபகம் வந்தது. பேசாமல் ஒரு பூஜ்யம் போட்டாள். பொய் இல்லை. அவளுக்கு வலிக்கவில்லை. ஒவ்வொரு பூஜ்யமும் தனியாகப் பார்த்தால் நிஜம். சேர்த்துப் பார்த்தால்தான் துருத்து ஏழு.

டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அக்கா தூங்கியிருந்தாள், அல்லது தூங்குவதுபோலக் கிடந்தாள். கட்டிலருகே நின்று, “அக்கா” என்று மெதுவாகக் கூப்பிட்டாள். டீயைத் தலைமாட்டில் வைத்தாள். இன்னொரு தடவை கூப்பிடும் தைரியம் இல்லை.

டாக்டரம்மா வந்த அன்று மழை விட்டு வெயில் பளீரென்று அடித்தது. மாமா ஜன்னலை மூடித் தரையில் தூசி அடங்க நீர் தெளித்திருந்தார். டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கையோடு ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தாள். பெட்டிக்குள் கேமராவும் வரிசையாகச் சின்ன வளையங்களும். பக்கத்துத் துளை வழியாக நீள இடுக்கிகளை விட்டு, வளைந்த ஊசியை வளையத்துக்குள் கோக்க வேண்டும். கண் திரையில்தான் இருக்க வேண்டும்.

“எத்தன பேர் ஒரே நேரத்துல பாக்கலாம்?” என்று கேட்டாள்.

“மூணு பேர் டாக்டர். மஞ்சள் குறி மேல நிக்கணும். நாலாவது ஆளுக்குத் தாவும்.”

“அதென்ன தாவும்?”

“முன்னாடி இருக்கிறது பின்னாடி போயிடும்.”

“நல்லவேளை சொன்னீங்க. எவனாவது குடலுக்குப் பதிலா ஈரலத் தச்சிருப்பான்.”

ஒட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். டாக்டரம்மா மஞ்சள் குறியில் உட்கார்ந்து இடுக்கியைப் பிடித்தாள். ஊசி மூக்கருகே வந்திருக்க வேண்டும், “அட!” என்றாள் சின்னப் பெண்போல. முதல் வளையம், இரண்டாவது வளையம், மூன்றாவது. கை சுத்தமாக ஓடியது. மாமாவின் முகம் மலர்ந்தது. அக்கா ஓரத்து மஞ்சள் குறியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். சின்னவள் சுவரோடு சுவராக நின்றாள்.

பத்து நிமிடத்தில் டாக்டரம்மா கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தாள். இருபதாவது நிமிடத்தில் ஊசி வளையத்துக்கு வெளியே போனது. அரை மணியில் இடுக்கியை வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, புருவத்துக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினாள்.

“கொஞ்சம் நிறுத்துவோம். இங்க அமுக்குது.”

சின்னவள் அக்காவின் புருவத்தைப் பார்த்தாள். அதே இடம்.

மாமா பதறவில்லை. கோப்பை எடுத்துப் பிரித்தார். “பழகாத கண்ணு டாக்டர். எங்க டெஸ்ட் பாருங்க. பதினாலு மாசம். இதோ, முந்தாநாள் ஆறு மணி நேரம் நாப்பது நிமிஷம். இதே ஏழுல. எல்லாம் பூஜ்யம்.”

டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். “ஒரே ஆளா?”

“ஒரே ஆள். அதனாலதான் ஒரே சீரா இருக்கு.”

“நியாயமா பாத்தா எல்லாருக்கும் கொஞ்சமாவது நோகணும்,” என்றாள் டாக்டரம்மா. “பொருள் முன்னாடி வந்தா ரெண்டு கண்ணும் மூக்குப் பக்கம் திரும்பணும். ஆனா தெளிவா தெரியணும்னா பார்வை திரையிலதான் நிலைக்கணும். ரெண்டு முதலாளிக்கு நடுவுல மாட்டின வேலைக்காரன் மாதிரி. எவ்வளவு வெளிய இழுக்கறோமோ அவ்வளவு இழுபறி.” இன்னும் ஒரு பக்கம் புரட்டினாள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். பெருமூச்சு விட்டாள். “ஆனா ஒரு பொண்ணு ஆறு மணி நேரம் உக்காந்திருக்கான்னா… சரி, அப்ப எங்கிட்டதான் கோளாறு. ரெண்டு நாளா சரியான தூக்கமும் இல்ல.”

“எனக்கும் அப்படித்தான் டாக்டர்,” என்று அக்கா சிரித்தாள். “இதே இடம்தான். ஒன்பது மாசமா இருக்கு. எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சு. இவளுக்கு மட்டும் ஒண்ணும் ஆகாது. நமக்கெல்லாம் வயசாகுது, வேறென்ன.”

“எனக்கு ஒரு கண்ண மூடிக்கிட்டா சரியாயிடுது,” என்றார் ஒட்டுக்காரர்.

“அதான் எல்லாத்தையும் ஓரக்கண்ணால பாக்கறீங்களா?” என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அரை மணி நேரத்தில், கண்ணெதிரே, டாக்டரம்மாவும் தன்மேலேயே குறை சொல்லிக்கொண்டு அக்கா ஆகிக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பன்னிரண்டு திரை முன்னால் நிற்கிற பிள்ளைகளும் ஆவார்கள். தலை வலிக்கும்போதெல்லாம் யாரோ ஒருத்தியின் பூஜ்யத்தைக் காட்டுவார்கள். தனக்குத்தான் கை வரவில்லை என்று அவர்களில் எவளோ ஒருத்தி போர்வைக்குள் அழுவாள்.

ஆர்டரில் கையெழுத்துப் போட டாக்டரம்மா பையிலிருந்து பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். “நீங்கதானா அந்த இரும்புக் கண்ணு? இங்க வாங்களேன். உங்களுக்கு அந்த ஊசி எதுவரைக்கும் வருதுன்னு கைய நீட்டிக் காட்டுங்க. சும்மா, எனக்கு ஒரு ஆசை.” தன் கையை நீட்டிக் காட்டினாள். “எனக்கு இதோ இங்க.”

“எனக்கும் அங்கதான்,” என்றாள் அக்கா, ஸ்டூலிலிருந்தே விரலை நீட்டி.

“காட்டும்மா,” என்றார் மாமா.

சின்னவள் மஞ்சள் குறியில் வந்து நின்றாள். ஊசி கண்ணாடியில் கிடந்தது, ஓரம் மினுமினுத்தபடி. கையை நீட்டினாள். பதினாலு மாதப் பழக்கத்தில் விரல் அவர்கள் காட்டிய இடத்திலேயே, காற்றில் தானாக நின்றது.

திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்கா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கட்டைவிரல் புருவத்துக்கு நடுவில் அழுத்திக்கொண்டிருந்தது, அழுத்துவது அவளுக்கே தெரியாமல்.

சின்னவள் ஓர் அடி முன்னால் வைத்தாள். உள்ளங்கையை விரித்து, கண்ணாடிமேல் அழுந்த வைத்தாள்.

“பாப்பா! ரேகை!” என்று ஒட்டுக்காரர் அலறினார். மாமா பாய்ந்து எழுந்தார்.

அவள் கையை எடுக்கவில்லை. முகத்தை மட்டும் அக்கா பக்கம் திருப்பினாள்.

“இங்கதான்கா,” என்றாள். “மொத நாள்லேர்ந்து இங்கதான். நீ நீட்டின எடத்தப் பாத்து நானும் நீட்டினேன். உன் கண்ணுக்கு ஒண்ணும் ஆகலக்கா. எனக்குத்தான் அது ஒரு நாளும் வெளிய வந்ததில்ல.”